வாயசைவுக்குப் பொருந்தாத சொல்

அண்ணா என்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிற்கிற ஷெரின் என்கிற இந்தப் பெண், திரையில் பெரிய பெரிய கண்களோடு ஓடிவருகிற என் பவளத்துக்குக் குரல் கொடுக்கிறபோது, கதிர் அண்ணா, நில்லுங்க கதிர் அண்ணா என்கிறாள், எனக்கு அடிவயிறு எரிகிறது. காலையில் சாலிகிராமத்து முனைக்கடையில் சாப்பிட்ட வடையாகவும் இருக்கலாம். இந்த வயதில் எரிச்சல் வயிற்றிலிருந்து வருகிறதா வரலாற்றிலிருந்து வருகிறதா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். நான் எழுதிய நாவலில் பவளம் யாரையும் அண்ணா என்று கூப்பிடவில்லை. வே என்பாள். திருநெல்வேலிப் பக்கம் ஆண்கள் தங்களுக்குள் சரிசமமாகப் பேசும்போது வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொள்கிற சொல், என்ன வே, வாரும் வே, நீரு சொன்னா சரிதான் வே. அதில் மரியாதை உண்டு, கேலி உண்டு, நீயும் நானும் ஒரே தட்டு என்கிற திமிர் உண்டு. பெண்கள் ஆண்களைப் பார்த்து அதைச் சொல்வதில்லை. பவளம் சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அந்த நாவலையே எழுதினேன் என்று இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், பீடித் தொழிலாளர் போராட்டத்தைப் பற்றிய நாவல் என்றுதான் பின்னட்டையில் போட்டிருக்கிறது, நானே எழுதிக்கொடுத்த பின்னட்டை. பீடி சுற்றும் பெண்களைப் பற்றி ஆராய வந்த ஒரு ஜப்பான்காரம்மா அதைத் தன் மொழிக்குக் கொண்டுபோனார், எதிரே உட்கார்ந்து வரி வரியாகக் கேட்டார், வே என்றால் என்ன என்று கேட்டார், நான் ஒரு மணி நேரம் பேசினேன், தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுக் கடைசியில் அங்கே எல்லாரையும் கூப்பிடுகிற மாதிரி சான் என்று போட்டுவிட்டார். அங்கே ஒரு கம்பெனி அதை அனிமே என்கிற கார்ட்டூன் தொடராக வரைந்தது. அதை ஆங்கிலத்தில் எழுதி இங்கே அனுப்பினார்கள். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் எழுதிய பையன் சான் என்றால் அண்ணா என்று முடிவுகட்டினான். என் சொல் கடல் தாண்டிப் போய் இரண்டு தேசத்தில் சட்டை மாற்றிக்கொண்டு எனக்கே தங்கச்சியாகத் திரும்பி வந்திருக்கிறது.

எழுதி எழுதிப் பார்த்தேன், பதில் வரவில்லை, போனில் சத்தம் போட்டேன், அதற்குப் பிறகு டப்பிங் பொறுப்பாளர் உதயன் என்பவர், நல்ல மனிதர்தான், வெற்றிலை போடாத வாய்க்கு எப்போதும் பாக்கு மட்டும் போட்டு மென்றுகொண்டிருக்கிறார், நேர்ல வாங்க ஐயா, உக்காந்து பேசிக்கலாம் என்றார். டப்பிங் பேசி முடித்ததையெல்லாம் இன்று திருத்தப் பார்ப்பதாகச் சொன்னார். அதற்காக வந்து, இந்தக் குளிர்ந்த அறையில், சுவரில் கோணிப்பை மாதிரி எதையோ ஒட்டியிருக்கிற அறையில், வெளியே பஸ் போகிற சத்தம்கூட இல்லாத அறையில் உட்கார்ந்திருக்கிறேன். சத்தமே இல்லாத இடத்தில் எனக்கு மூச்சு முட்டும். பாளையங்கோட்டைச் சிறையில் தனி அறையில்கூட பல்லி சத்தம் இருந்தது. நான் கல்லூரிப் பக்கம் ஒதுங்காதவன், அச்சகத்தில் துண்டுப் பிரசுரம் மடித்துக்கொண்டே எழுத்துக் கூட்டிப் படித்தவன், மை காயாத தாளில்தான் எனக்குத் தமிழ் வந்தது, அதனால்தான் பேராசிரியர்கள் என் நாவலைப் பிரச்சாரம் என்றார்கள். பிரச்சாரம்தான். வேறென்ன எழுதச் சொல்கிறார்கள், நிலாவையா. ஆனால் திரையில் பார்க்கிறேன், நிலாவாகத்தான் இருக்கிறது, ஒரு வீட்டுக் கூரை அளவுக்கு நிலா, அதன் கீழே பவளமும் மற்றப் பெண்களும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலை சுருட்டுகிறார்கள். பீடி இல்லை. குழந்தைகள் பார்க்கிற தொடரில் புகையிலை ஆகாதாம், அதனால் அது மருந்து இலையாகிவிட்டது, ஊரில் ஏதோ காய்ச்சல், இவர்கள் சுருட்டுகிற இலையை ஊதினால் காய்ச்சல் போகிறது. இருமி இருமிச் செத்தவர்களின் பெயரை எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியும். தூள் நெடி ஏறின சேலை மடிப்பு, கத்திரி பிடித்துக் காய்த்துப்போன விரல், கடைக்காரன் இது கழிவு இது கழிவு என்று சுற்றின பீடியைக் கொத்தாக அள்ளி எறிகிறபோது அந்தப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிற விதம், இதெல்லாம் எங்கே. பவளத்தின் தலைமுடி பறந்துகொண்டே இருக்கிறது. காற்றில்லாத அறைக்குள்ளும் பறக்கிறது. நான் எழுதினவள் எண்ணெய் வைத்து இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள், தூள் பட்டால் அரிக்கும் என்று.

மாசானத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மாசானம் என் நாவலின் பீடிக் கடைக்காரன், வட்டிக்காரன், கழிவு என்று தள்ளின பீடியைப் பின்வாசல் வழியாக விற்றுக் காசு பார்ப்பவன், அவனிடம் ஒரு நல்ல குணம்கூட நான் வைக்கவில்லை, வேண்டுமென்றே வைக்கவில்லை, அவன் குணத்தை ஆராய அவனுக்கு வக்கீல் இருக்கிறான், எழுத்தாளன் எதற்கு. இவர்கள் அவனுக்கு வெள்ளை முடியும் நீலக் கண்ணும் கொடுத்து, சின்ன வயதில் அம்மா செத்துப்போன சோகத்தையும் கொடுத்துவிட்டார்கள். தனியாக நின்று வானத்தைப் பார்க்கிறான், பூ உதிர்கிறது. இடைவேளையில் டீ குடிக்கும்போது இந்த ஷெரின் பெண் என்னிடம் வந்து, தாத்தா, எனக்கு மாசானம் சார்தான் ரொம்பப் பிடிக்கும், அவர் பாவம் இல்ல என்றாள். பாவமா. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. தாத்தா இல்லம்மா, தோழர் என்றேன். சரிங்க தோழர் தாத்தா என்றாள். உதயன் பாக்கு தெறிக்கச் சிரித்தார். கதிர், அவன்தான் சங்கத்துக்காரன், நாவலில் நாற்பது தாண்டியவன், மூக்குக் கண்ணாடி போட்டவன், பெரிய பேச்சுக்காரன், தயங்கித் தயங்கியே நல்லது எல்லாவற்றையும் கோட்டை விடுபவன், அவன் இங்கே பள்ளிக்கூடப் பையன், முள்ளம்பன்றி மாதிரித் தலைமுடி, எடுத்ததற்கெல்லாம் மார்பில் கை வைத்து உறுதி சொல்கிறான். என்னைத்தான் வரைந்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் என் பேரன் வயதில் ஒருவன் சிரிப்பான். பேரன் எனக்கு இல்லை. கல்யாணம் இல்லாதவனுக்குப் பேரன் எப்படி. ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம் போராட்ட வாழ்க்கை என்று சொல்லிவந்தேன், அதை ஒரு தியாகம் மாதிரி என் பாராட்டுக் கூட்டத்தில் மேடையிலேயே சொன்னார்கள், நானும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன், அடக்கமாக இருக்கிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அவள் உண்மைப் பெயர் ஆவுடைத்தாய். நாவலில் பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், நிறத்தை மாற்றினேன், உயரத்தைக்கூட அரையடி குறைத்தேன், ஆனாலும் முதல் பக்கம் படித்தவுடனே முக்கூடலிலிருந்து ஆலங்குளம் வரைக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது, ஏன் என்றால் வே. ஆம்பளைகளைப் பார்த்து வே என்று பேசுகிற பெண் அந்த வட்டாரத்தில் ஒருத்திதான். சங்கத்து அறைக்கு முதல் தடவை வந்தபோது, எல்லாரும் இங்கே தோழர் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம், நீங்களும் அப்படியே கூப்பிடலாம் என்று விளக்கினேன், நான்தான் விளக்குகிறவன் ஆயிற்றே. முழுக்கக் கேட்டாள். தோழர்னு சொன்னா ரேடியோவுல நியூஸ் வாசிக்க மாரி இருக்கு வே, எனக்கு வராது என்றாள். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், காது சூடாகிவிட்டது. வெயில் காலம், காற்றாடி ஒரு பக்கம் சாய்ந்து சுற்றும், ஆள் உட்கார்ந்த பெஞ்சில் புகையிலைத் தூள் அச்சு அச்சாக விழுந்திருக்கும். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அவளை நிறுத்தி, உன் பெயர் என்ன, அப்பன் பெயர் என்ன, புருஷன் பெயர் என்ன என்று அடுக்கியபோது, எங்க கூலி என்னன்னு மட்டும் கேக்க மாட்டீரா வே என்றாள். அடித்தார்கள். அடி வாங்கிக்கொண்டு வெளியே வந்தும் அதையே சொல்லிச் சிரித்தாள், உதடு வீங்கியிருந்ததால் வே சரியாக வரவில்லை, வ்வே என்று வந்தது. அந்த வ்வே இப்போதும் என் காதில் இருக்கிறது. முகம் போய்விட்டது. சத்தியமாகப் போய்விட்டது, கண்ணை மூடினால் கொண்டை தெரிகிறது, கை தெரிகிறது, மூக்கு எப்படி இருந்தது என்று தெரியவில்லை, போட்டோ ஒன்றும் கிடையாது, இருந்தவற்றையும் அவளே எரித்தாள். குரல் மட்டும்தான் மிச்சம். அந்தக் குரலுக்கு மேலேதான் இவர்கள் அண்ணா என்று பூசுகிறார்கள். அதுவும் அண்ணா. உலகத்தில் எத்தனையோ சொல் இருக்க, அவள் எதற்குப் பயந்து ஓடினாளோ அந்தச் சொல்.

அவளுக்கு அண்ணன்மார் மூன்று பேர். வாசலில் நின்றால் தெரு அகலம் குறைகிற மாதிரி ஆட்கள். சங்கத்துக்கு வருவதைப் பொறுத்துக்கொண்டார்கள், கூலி கூடினால் வீட்டுக்குத்தானே வரும் என்று. அவள் மனது வேறெங்கோ போனதைப் பொறுத்திருக்க மாட்டார்கள். பீடிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாக மலைக்கு அந்தப் பக்கம் போகிற பச்சை லாரி, அதை ஓட்டிவருகிற ஜோசப்பு, பேசவே மாட்டான், பெட்டி எண்ணுகிறபோதும் விரலைத்தான் காட்டுவான். வேறு மொழி, வேறு சாமி, வேறு ஆட்கள். அவன் பேசாததும் இவள் பேசுவதும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. எனக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை, அப்போது போராட்டம் நடந்துகொண்டிருந்தது, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது, எப்போதும் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது. போகிற அன்றைக்கு மத்தியானம் குடோனுக்குப் பின்னால் வரச் சொன்னாள். ஆற்றில் வெள்ளம் வந்திருந்த சமயம், வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று ஊர் நினைக்கட்டும் என்று படித்துறையில் ஒரு சேலையையும் குடத்தையும் வைத்துவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னாள், பக்கத்து வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தவள் மாதிரி. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீரு கதை எழுதப்போறேன்னு சொன்னீருல்லா. அதுல என்னயக் கொன்னுரும் வே. அரைகுறையா வேண்டாம், நல்லாச் சாவணும். எங்க அண்ணன்மாரு காதுல விழுந்தா, சரி, தொலஞ்சா சனியன்னு கையக் கழுவிரணும்" என்றாள். நான் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. தெரியாமல் இருப்பதுதான் பத்திரம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், தலைமறைவு வாழ்க்கையில் படித்த பாடம். இல்லை. கேட்டால் அவன் பெயரைச் சொல்வாள், அதை அவள் வாயால் கேட்க முடியாது, அதுதான். இரங்கல் கூட்டம் நடத்தினேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல பேச்சு நான் பேசியதில்லை, உயிரோடு இருக்கிற ஒருத்திக்காக ஊரே அழுதது, அண்ணன்மார் மூன்று பேரும் முன்வரிசையில் நின்று அழுதார்கள், நானும் அழுதேன், என் அழுகை நடிப்பில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பிறகு நாவலில் அவளை ஊர்வலத்தில் தடியடியில் கொன்றேன். நன்றாகக் கொன்றேன். இரண்டு அத்தியாயம் செத்தாள். அவள் சொன்னபடியே செய்துவிட்டேன், செய்ததால் அவள் இருக்கிறாளா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாமல் போய்விட்டது. செத்தவளை விசாரிக்க முடியாதே, யாரிடம் போய்க் கேட்பது.

உதயன் என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறார். வாயசைவு என்கிறார். சான் என்று சொல்லும் முன்னால் கதிர் என்று இருப்பதால் திரையில் வாய் மூன்று முறை திறந்து மூடுகிறதாம், கதிர் அண்ணா என்றால் நிரம்பிவிடுகிறது, வே ஒற்றை எழுத்து, பாதியிலேயே தீர்ந்துபோய் வாய் சும்மா அசையும், பார்க்கிறவர்களுக்குப் படம் ஓடிப் பேச்சு நின்ற மாதிரி இருக்கும். இதுதான் இவர்கள் தொழில், வாய்க்குத் தக்க வார்த்தை. எங்கள் தொழிலில் வார்த்தைக்குத் தக்க வாய் தேடினோம். அவள் வெறும் வே என்று நிறுத்தமாட்டாள், முன்னால் ஒரு வினை இருக்கும், நில்லும் வே, கேளும் வே, இங்கன பாரும் வே என்று நான் எடுத்துக்கொடுத்தேன். உதயன் விரலை மடக்கிப் பார்த்தார், பாக்கை ஒதுக்கினார், அட, உக்காருதே ஐயா என்றார். ஷெரினுக்கு முதலில் வரவில்லை. பெரம்பூர்ப் பெண், அவள் வாயில் வே என்றால் வேய் என்று நீளுகிறது, அல்லது ஆட்டைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. நீட்டாதே அம்மா, ஆரம்பிக்கும்போதே பாதி முடிந்திருக்கணும், கதவைச் சாத்திக்கொண்டே பேசுகிற மாதிரி என்றேன். இது மரியாதையா, திட்டா தாத்தா என்று கேட்டாள். இரண்டும் என்றேன். அதெப்படி இரண்டும் என்று யோசித்தாள். யோசிக்கிற பெண்தான், மாசானத்தைப் பிடித்திருக்கிறதே தவிர. நான் சொல்லிக்காட்டினேன், கிழக்குரலில், அவள் கண்ணாடிக்குப் பின்னால் என் வாயையே பார்த்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது, சட்டென்று ஒரு தடவை உட்கார்ந்துவிட்டது. நில்லும் வே. எனக்குக் கழுத்துப் பின்னால் முடி நின்றது. நான் தலையை ஆட்டக்கூட இல்லை, உதயன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, டேக் ஓகே என்றார். அதற்குப் பிறகு வரிசையாக வந்தது, கேளும் வே, போரும் வே, ஒமக்கென்ன தெரியும் வே. முடி பறக்கிற, காய்ச்சலுக்கு இலை சுருட்டுகிற அந்த பொம்மைப் பெண் ஒவ்வொரு வேயிலும் ஒரு பிடி தூள் வாசனையோடு கீழே இறங்கி வந்தாள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். கடைசிப் போராட்டத்துக்குப் பிறகு நான் எதையும் வென்றதில்லை, அதைக்கூட வென்றோம் என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். காலை நீட்டி உட்கார்ந்தேன். டீ கொண்டுவந்து கொடுத்தவரிடம் சர்க்கரை இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.

கடைசிப் பகுதி ஓடுகிறது. இதை நான் பார்த்ததில்லை, எழுத்தில்கூட எனக்கு யாரும் அனுப்பவில்லை, கதை தெரிந்தவனுக்கு எதற்கு. ஊர்வலம் வருகிறது, கொடி சிவப்பாக இல்லாமல் மஞ்சளாக இருக்கிறது, போகட்டும். தடி ஓங்குகிறார்கள். பவளம் விழுகிறாள், மெல்ல, இலை உதிர்கிற மாதிரி, ரத்தம் இல்லை. கதிர் பையன் கத்துகிறான். நான் எழுதிய சாவு இப்படி அழகாக இருக்காது, இருந்தாலும் சாவு சாவுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண்ணைத் திறக்கிறாள். மழை பெய்கிறது. ஒரு லாரி. பச்சை லாரி. லாரியில் ஏறுகிறாள். லாரி மலைமேல் ஏறுகிறது, சுரங்கம் மாதிரி இருட்டு, இருட்டு முடிந்ததும் வேறு பச்சை, வேறு மழை, தென்னைக்கு நடுவில் தண்ணீர், ஓட்டுக்கூரை. டம்ளரைக் கீழே வைக்கிறேன். இவர்களுக்கு யார் சொன்னது. ஜப்பான்காரம்மாவிடம் நான் இதைச் சொல்லவே இல்லை. நாவலில் இல்லை. இல்லையா. லாரி இருக்கிறது. ஒரு அத்தியாயத்தில் கதைக்குத் தேவையே இல்லாமல் அந்தப் பச்சை லாரி மலைப்பாதையில் ஏறிப்போவதைப் பத்து வரி எழுதியிருக்கிறேன், பிழை திருத்துகிறபோது எடுத்துவிட நினைத்து எடுக்காமல் விட்டேன், அது மேலே ஏறி ஏறிச் சின்னதாகிற வரைக்கும் ஒருவன் கீழே நின்று பார்க்கிறான். ஒரு தமிழ் வாசகனும் அதைக் கேட்டதில்லை. எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்து படம் வரைகிற யாரோ அதைப் படித்துவிட்டு, இந்த லாரி சும்மா போகவில்லை, இதில் ஒருத்தி இருக்கிறாள் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். திரையில் அவள் ஒரு ஓட்டுவீட்டு வாசலில் நிற்கிறாள், இடுப்பில் குழந்தை. நேராக என்னைப் பார்க்கிறாள். வாய் அசைகிறது. இப்போதைக்கு ஜப்பானியத்தில்.

இதற்கு என்ன ஐயா போடலாம் என்று உதயன் கேட்கிறார். ஆங்கிலத்தில், நான் இங்கேதான் இருக்கிறேன், கதிர் என்று வருகிறதாம். நீங்க சொன்ன மாதிரியே போட்டா அருமையா இருக்கும், இங்கனதான் இருக்கேன் வே, சரிதானே என்று என் ஊர்ப் பேச்சை எனக்கே சொல்லிக்காட்டுகிறார், பாக்கு மென்ற வாயில் அதுகூட நன்றாக வருகிறது. ஷெரின் கண்ணாடிக்குப் பின்னால் உதட்டை அசைத்துப் பழகுகிறாள். எனக்கு நயினார் நினைவுக்கு வருகிறான். அண்ணன்மாரில் அவன் ஒருவன்தான் பாக்கி, கடைசி அண்ணன், போன வருடம் ஒரு கல்யாணத்தில் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். பாயசத்தை இலையில் வழித்துக்கொண்டே, ஆவுடை செத்தது நெசந்தான வே என்று கேட்டான், ஏதோ நிலத்து எல்லையைக் கேட்கிற மாதிரி. ஏன் இப்போது கேட்கிறீர் என்றேன். இல்ல, செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி ஆம்பளையள வேன்னு கூப்பிடுதான்னு எவனோ சொன்னான், கெழவியாம், பேரப்பிள்ளை இருக்காம் என்றான். சிரித்தான். "நீரு பொஸ்தகத்துல செத்துட்டான்னுதான போட்டிருக்கீரு, அதனால விட்டுட்டேன். உசுரோட இருந்தான்னா எனக்கு எதுக்கு வேலை, எம் பயலுவ பாத்துக்கிடுவானுவ." பிறகு இன்னும் கொஞ்சம் அப்பளம் கேட்டான். அன்றைக்கு நான் பயந்ததைவிடச் சந்தோஷப்பட்டேன், அதைச் சொல்லத்தான் வேண்டும், ஒரு வருடமாக அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டுதான் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறேன், இருக்கிறாள், கிழவியாக இருக்கிறாள், இன்னும் வே என்கிறாள். இப்போது பயம் மட்டும் இருக்கிறது. நயினார் வீட்டுப் பேரன்கள் போனில் இந்த மாதிரித் தொடர்தான் பார்க்கிறார்கள். ஊரில் ஒரு பையன் பார்த்தால் போதும், தாத்தா, இங்க வாங்க, ஒரு பொம்பள வேன்னு சொல்லுதா பாருங்க என்பான். கிழவன் வருவான். லாரியைப் பார்ப்பான். மலையைப் பார்ப்பான்.

கடைசிக் காட்சியை எடுத்துவிட முடியாதா என்று கேட்கிறேன், என் குரல் யாருடையதோ மாதிரி இருக்கிறது. உதயனுக்குப் புரியவில்லை. நாவல்ல அவ செத்துருவாங்க, இது தப்பு என்கிறேன். படத்துல கை வைக்க நமக்கு அனுமதி இல்லைங்க ஐயா, குரல் மட்டும்தான் நம்மது என்கிறார், அப்புறம் தணிந்த குரலில், அவ பொழச்சா நல்லதுதானேங்க என்கிறார். நல்லதுதான். அவரிடம் என்ன சொல்வேன். செத்தவளாக இருந்தால் வே இருக்கலாம். உயிரோடு இருந்தால் வே இருக்கக் கூடாது. இரண்டையும் கொடுக்கிற இடத்தில் நான் இல்லை. திரையில் அவள் அப்படியே நிற்கிறாள், நிறுத்தி வைத்திருக்கிறார்கள், மழைத் துளிகள்கூட நடுவில் நிற்கின்றன, அந்த முடி, அந்தக் கண், ஆவுடைக்கும் இதற்கும் ஒரு நூல் சம்பந்தம் கிடையாது. அது இப்போதுதான் உறைக்கிறது. பீடி இல்லை. கொண்டை இல்லை. எங்கள் ஊர் மாதிரி ஒரு தெருவும் இல்லை. கதிரைப் பார்த்தால் எவனுக்கும் என் நினைவு வராது. மாசானத்தைப் பார்த்தால் நிஜக் கடைக்காரன் குடும்பமே கும்பிடும். தொடரின் பெயரே வேறு, என் பெயர் ஜப்பானிய எழுத்தில் ஓடி மறைகிறது. காலையிலிருந்து நான் வயிறெரிந்து திட்டிய மாற்றம் ஒவ்வொன்றும் அவளுக்கு ஒரு போர்வை. ஒரே ஒரு இடத்தில்தான் போர்வை விலகியிருக்கிறது, அதை விலக்கினது நான், சண்டை போட்டு, ரயிலேறி வந்து, அந்தப் பெண்ணுக்குத் தொண்டை வற்ற வற்றச் சொல்லிக்கொடுத்து. வேயை எடுத்துவிட்டால் இவள் ஒரு பொம்மை. பொம்மையை யார் தேடுவார்கள். ஆனால் தமிழ் பேசுகிற உலகம் முழுக்க, நான் செத்த பிறகும், எந்தக் குழந்தை எந்தப் பெட்டியில் போட்டாலும், அவள் என்னைப் பார்த்து அண்ணா என்பாள். அண்ணா. நான் அவளுக்கு என்னவாக இருக்க நினைத்தேனோ அதற்கு ஒரு சொல் இருந்தது, அதை நான் சொல்லவில்லை, அவள் எனக்குக் கொடுத்த சொல் ஒன்று இருந்தது, அதைத்தான் நாற்பது வருடம் வைத்திருந்தேன்.

யோசித்து முடிக்கும் முன்னால் ஷெரின் சொல்லிவிடுகிறாள். உதயன் சைகை காட்டியிருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை. மழை மறுபடி விழத் தொடங்குகிறது, அவள் வாய் திறக்கிறது, இங்கனதான் இருக்கேன் வே. நான் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாக இருக்கிறது, நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றும் அதில் இருக்கிறது, கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் என்னத்தத்தான் பெருசா செஞ்சுட்டீரு என்கிற அலட்சியம். உதயன் மெல்வதைக்கூட நிறுத்தியிருக்கிறார். நான் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கிறேன், துடைத்துக்கொண்டே, அண்ணான்னே இருக்கட்டும் என்கிறேன். என்னது ஐயா என்கிறார். எல்லாத்துலயும். முதல்லருந்து. காலையில மாத்தினது எல்லாம் பழையபடியே இருக்கட்டும், வாயசைவு பொருந்தல. ஷெரின் மைக்கிலேயே, பொருந்துச்சே தாத்தா என்கிறாள், அந்தக் குரல் நாலு மூலையிலிருந்தும் வருகிறது, போட்டுக் காட்டச் சொல்லுங்க சார், கரெக்டா உக்காந்துச்சு. பொருந்தல என்கிறேன். உதயன் என்னைப் பார்க்கிறார். பிடிவாதக்காரக் கிழவன், காலையெல்லாம் வேலையைக் கெடுத்தான் என்று நினைக்கிறார், நினைக்கட்டும். அழிச்சிரவா என்கிறார். ம் என்கிறேன். ஒரு தடவை போட்டுக் காட்டிவிட்டு அழியுங்கள் என்று சொல்ல வாயெடுக்கிறேன், அதற்குள் அவர் கை நகர்ந்துவிட்டது, ஒரு சத்தமும் இல்லை, இந்த அறையில் எதற்குமே சத்தம் கிடையாது. ஷெரின் மறுபடி மைக் முன்னால் நிமிர்ந்து நின்று, நான் இங்கேதான் இருக்கேன், கதிர் அண்ணா என்று தெளிவாக, அழகாக, யாருடையதும் இல்லாத குரலில் சொல்லி முடித்தாள். சாப்பாட்டு நேரம் என்று விளக்கைப் போட்டார்கள். உதயன் வெளியே போய்விட்டார். நான் பையைத் தேடிக்கொண்டிருந்தேன். ஷெரின் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பாட்டிலிலிருந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டே என்னைக் கடந்து போனாள், கதவைப் பாதி திறந்து, திரும்பிப் பார்க்காமல், ரொம்பத்தான் பண்ணுதீரு வே என்றாள்.